ஒரு கூரையில் இரண்டு புகை

பூமயிலுக்குப் புதுச் சாமான் என்றாலே சந்தேகம். சந்தைக்கடையில் பளபளவென்று இருப்பதை எடுத்துத் தட்டிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். "நாலு பேரு கையில அடிபட்டு, அதுக்கப்புறமும் ஒடையாம இருக்குல்ல, அதத்தான் நம்பணும்" என்பாள். அதனால் அவள் வீட்டுச் சாமான்களில் பாதி, வேறு யார் வீட்டிலோ வாழ்ந்து முடித்துவிட்டு இங்கே இரண்டாம் வாழ்க்கைக்கு வந்தவை. கொழும்பிலிருந்து ஊர் திரும்பியவர் விற்ற பித்தளைத் தவலை, பாம்பன் ரயில்காரர் ஒருவரின் கைவிளக்கு, கைப்பிடி மாற்றிய இரும்புச் சட்டுவம். அவள் புருஷன் வீரபத்திரன் ஒருமுறை வாய்விட்டுக் கேலி செய்தார்.

"என்னைய மட்டும் எப்படிப் புதுசாப் பார்த்துக் கட்டுன?"

"புதுசுன்னு யாரு சொன்னா? தாலி கட்டும்போதே ஒங்களுக்குக் காதோரம் நரைச்சிருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே வண்டிப் பாதையில் மூன்று மைல் போனால் வன்னியேந்தல். கடலாடிப் பக்கம் பிறந்த பூமயில் பதினைந்து வயதில் அங்கே வாழ வந்தாள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மாமியார் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப்போனது இரண்டு: எட்டு வயதில் ஒரு மகன், சமையல்கட்டில் ஒரு மண் அடுப்பு. மகன் பெயர் சின்னச்சாமி, வீரபத்திரனின் தம்பி. இரண்டையும் பூமயில்தான் ஏற்றுக்கொண்டாள். அடுப்பைச் செவ்வாயும் வெள்ளியும் சாணம் போட்டு மெழுகிக் கோலம் இழைத்தாள். சின்னச்சாமியைச் சனிக்கிழமைதோறும் தெருவெல்லாம் துரத்திப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். தனக்கென்று இராமலட்சுமி பிறந்த பிறகும் சோற்றில் முதல் கரண்டி கொழுந்தனுக்குத்தான் விழுந்தது. மகளுக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. கல்யாணமாகிக் கடலாடிக்குப் போன பிறகும் வந்தபோதெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் கல்யாணமான பிறகு மூன்று வருஷம் ஒன்றாக இருந்தால் அதிசயம். நாலாம் வருஷம் யாராவது ஒருத்தி கோபத்தில் வேறு உலை வைப்பாள், வீடு இரண்டாகும், வரப்பும் இரண்டாகும். வீரபத்திரன் வீட்டில் மட்டும் அன்று வரை ஒரே உலை. பூமயிலுக்கு இதில் கொஞ்சம் அல்ல, நிறையவே பெருமை. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு இதைச் சொல்ல ஆரம்பித்தாள் என்றால் குடம் நிறைந்து வழிந்தாலும் பேச்சு வழிவது நிற்காது.

சின்னச்சாமிக்கு வந்த பெண் உமையாள் நேர்மாறு. பூமயில் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு தலையாட்டல். மனசில் இருப்பது வாய்க்கு வர ஒரு வாரம் பிடிக்கும், சில சமயம் வராமலே போய்விடும். ஓரகத்திகள் இருவருக்கும் அப்படியும் ஒத்துப்போனது. உமையாள் வந்து பானை மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பூமயில் மறுபேச்சில்லாமல் உப்பை எடுத்துப் போடுவாள்.

ஒத்துப்போகாதது புகைதான். அந்தச் சமையல்கட்டு பனையோலை வேய்ந்த தாழ்ந்த குடிசை. வாசல் ஒன்று, ஜன்னல் கிடையாது. இருபது வருஷம் அதில் நின்று பூமயில் பதப்பட்டுவிட்டாள், பரணில் கட்டிய கருவாடு மாதிரி. உமையாளோ திறந்த முற்றத்தில் சமைக்கும் வீட்டில் வளர்ந்தவள். நாலாவது மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு கண்டது. விடியற்காலையில் அடுப்பை மூட்டிவிட்டு வெளியே ஓடி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாள். பொங்கல் சீரோடு வந்த அவள் தகப்பனார் அந்தக் காட்சியைக் கண்டார். கோபப்படவில்லை, நல்ல மனுஷர். "எளப்பு தணியிற வரைக்கும் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்று மட்டும் சொன்னார். பூமயிலுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு பெண்ணுக்கு மூச்சு விட இடம் இல்லாத வீடா இது?

"ஒரு மாசம் பொறுங்க மாமா. நான் வழி பண்றேன்" என்றாள். என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் அடித்த புயலில் அந்தக் குடிசையின் கூரை பாதி பறந்து போயிருந்தது. ஒரு வருஷமாகச் சாக்கையும் ஓலையையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் குண்டு மிளகாய் நன்றாகக் காய்த்தது. செங்கல் சுவரும் சீமை ஓடுமாகச் சமையல்கட்டைக் கட்டிவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். ஜன்னல் கம்பி வாங்க வீரபத்திரன் ராமநாதபுரத்துக்கு வண்டி கட்டினார். பழைய இரும்புக் கடைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் பூமயிலும் ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் ஹமீது சுல்தான். அவர் கொட்டகைக்குள் வண்டிப் பட்டா, உடைந்த நங்கூரம், தராசுத் தட்டு, எல்லாம் மலையாகக் கிடக்கும். மூலையில் இடுப்பளவு உயரத்தில், நாலு கால் வைத்த ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி நின்றது. முன்பக்கம் கதவு. கதவுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பாய், இது பத்திரம் வைக்கிற பொட்டியா?" என்று கேட்டார் வீரபத்திரன்.

"பொட்டி இல்லண்ணே, அடுப்பு. மண்டபத்துல துரை பங்களாச் சாமான ஏலம் விட்டப்ப எடுத்தது. பத்து வருசமா இங்கனதான் கெடக்கு. மனுசருக்கு வேணாம், கோழிக்குத்தான் வேணும்."

பூமயில் கிட்டே போய்க் குனிந்தாள். மேல் தட்டில் நாலு வட்ட மூடிகள். ஒன்றைத் தூக்கினால் கீழே தீ எரியும் குழி. பின்னால் உடைந்த குழாய் ஒன்று.

"இது எதுக்கு பாய்?"

"பொகை போறதுக்கு, தங்கச்சி. உள்ள ஒரு பொட்டுப் பொகை தங்காது. சமைக்கிற ஆளு வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு நிப்பானாம். அல்லா அறிய, நான் பார்த்ததில்ல."

பூமயில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள், கோழியிடம் ஒரு கொத்து வாங்கினாள், நிமிர்ந்தபோது முடிவு செய்துவிட்டாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குஞ்சு பொரிக்க இன்னும் எத்தன நாளு பாய்?"

"பன்னெண்டு நாளு இருக்கும்."

"அப்ப பன்னெண்டு நாக் கழிச்சு வண்டி கொண்டாரேன். அது வரைக்கும் கோழியக் கெளப்பிறாதீக."

இரண்டு மூட்டை மிளகாய்க்கு அடுப்பு அவளுடையதாயிற்று. அதே பங்களாவிலிருந்து வந்த, கம்பிவலை அடித்த அலமாரி ஒன்றையும் கொசுறு மாதிரி பேசி வாங்கிக்கொண்டாள். வீரபத்திரன் ஜன்னல் கம்பியை மறந்துவிட்டு ஊர் திரும்பினார். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்தப் பாரத்தை வண்டியிலிருந்து இறக்க எட்டு ஆள் தேவைப்பட்டது. ஊரே கூடி நின்று அதற்குத் துரை அடுப்பு என்று பெயர் வைத்தது. கதவில் புடைப்பாக ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருந்தது. படிக்க ஆள் இல்லாததால் பூமயில் அதன்மேல் மூன்று கோடு திருநீறு பூசிவிட்டாள்.

கொத்தனார் தனுஷ்கோடி புகைக்குழாய் வைத்த சமையல்கட்டைக் கண்ணாலும் கண்டவர் அல்ல. முதலில் குழாயை ஓட்டுக்குக் கீழேயே முடித்தார். மூட்டிப் பார்த்தபோது போன புகையெல்லாம் குசலம் விசாரிக்கத் திரும்பி உள்ளே வந்தது. கூரை முகட்டுக்கு மேலே இரண்டு முழம் தூக்கிக் கட்டிய பிறகுதான் அது ஒழுங்காக வெளியேறியது. அடுத்த சிக்கல் பாத்திரம். தட்டையான இரும்பின்மேல் நம் ஊர் மண்பானை நிற்குமா? உருண்டது. உமையாள் பேசாமல் வந்து வட்ட மூடியை எடுத்துவிட்டு, அந்தக் கண்ணில் பானையை உட்கார வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கோழி குடியிருந்த அறைக்குள் உப்பு, மிளகாய் வற்றல், அப்பளம் எல்லாம் குடியேறின. வலை அலமாரியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வைத்தார்கள். எறும்பு கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மாமியாரின் மண் அடுப்பை என்ன செய்வது? அதை இடிக்கப் பூமயிலுக்கு மனம் வரவில்லை. அது மட்டும் காரணமல்ல. மிளகாய்ப் பழம் பறிக்க இருபது ஆள் வந்தால் கஞ்சிப் பானையை ஏற்ற அந்த அகன்ற அடுப்பு வேண்டும். அதனால் அதை இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னாள். அதன் புகை உமையாள் பக்கம் வந்துவிடக் கூடாதே? இரண்டு அடுப்புக்கும் நடுவே மார்பளவு ஒரு தடுப்புச் சுவர் வைக்கச் சொன்னாள். மண் அடுப்புக்கு மேலே ஓட்டில் தனியாகப் புகைக்கூண்டு. துரை அடுப்புக்கு அந்தப் பக்கம் குழாய். எல்லாம் அவள் யோசனைதான், எல்லாம் உமையாளின் மூச்சுக்காகத்தான். ஆனால் பாருங்கள், நாள் முழுக்க வாய் ஓயாத அந்த மனுஷி இந்த ஒன்றை மட்டும் உமையாளிடமோ வீட்டு ஆண்களிடமோ சொல்லவில்லை. உன் இளைப்புக்காக என்று சொன்னால் சீக்காளி என்று குத்திக் காட்டிய மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பூமயில் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் நடந்தாள். இரண்டு செம்பு எடுத்தாள். ஒன்றை உமையாள் கையில் கொடுத்துத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள்.

"ஏத்தா உமையா, இந்த அடுப்பு ஒனக்கு. அந்த அடுப்பு எனக்கு. ரெண்டுலயும் பாலு பொங்கட்டும்."

பால் இரண்டு இடத்திலும் பொங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், குலவை கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அந்த ஊரில் பாகம் பிரிகிற அன்று பெரியவள் சின்னவளிடம் சொல்லுகிற வார்த்தை அச்சு அசல் இதுதான். இருபத்திநாலு வருஷம் பிரியாமல் இருந்த வீட்டுக்காரிக்கு அந்தச் சடங்கு எப்படித் தெரியும்? தன் வீட்டில் நடக்காததை அவள் கவனித்ததே இல்லை.

மறுநாள் கிணற்றடியில் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள், "என்ன பூமயிலு, கடைசியில நீயும் கல்லாக்கிட்டியே?" என்றாள்.

"பின்ன? மண்ணுன்னா மழைக்குக் கரைஞ்சிருது. கல்லுதான் கெட்டி" என்றாள் பூமயில், புதுச் சுவரை நினைத்துக்கொண்டு. பஞ்சம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

உமையாளின் இளைப்பு தணிந்தது. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடிதான். ஆனால் அவள் வந்து பூமயிலின் பானை மூடியைத் திறப்பது நின்றது. "அக்கா, கொஞ்சம் புளி எடுத்துக்கிறட்டுமா?" என்று அனுமதி கேட்க ஆரம்பித்தாள். சின்னச்சாமி தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். சின்னஞ்சிறுசுகள் தனியாக உட்காரப் பிரியப்படுகிறார்கள் என்று பூமயில் தனக்குள் சிரித்துக்கொண்டாள். வீரபத்திரனிடம் சொல்லியும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஊர்க் கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. தமுக்கு அடித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கிற நாள். பிடித்ததையெல்லாம் கரையில் கொட்டி, தலைக்கட்டுக்கு ஒன்றாகக் கூறு வைப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஓர் அடுப்பு எரியும் வீடு. அண்ணன் தம்பி ஒரே அடுப்பில் தின்றால் ஒரு தலைக்கட்டு, வேறு உலை வைத்தால் இரண்டு. கூறு வைப்பவர் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி இருளாண்டி. அவருக்கு ஏடும் கிடையாது, எழுத்தும் தெரியாது. விடியற்காலையில் கரைமேல் நின்று ஊரைப் பார்த்துப் புகையை எண்ணுவார். அதுதான் அவர் கணக்கு. அது ஒருநாளும் தப்பியதில்லை.

வெயில் ஏறின நேரம், பூமயில் கொல்லைப்பக்கம் நின்று கரையைப் பார்த்தாள். புருஷன் ஓலைப்பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். இருபது அடி பின்னால் சின்னச்சாமி, அவன் தலையிலும் ஓர் ஓலைப்பெட்டி. கண்மாய்க்குப் போனால் பேசிச் சிரித்துக்கொண்டு தோளோடு தோள் உரச வருகிறவர்கள்.

"ரெண்டு பொட்டியா? அம்புட்டு மீனா இந்த வருசம்!"

வீரபத்திரன் பெட்டியை மண் அடுப்பு ஓரம் இறக்கினார். சின்னச்சாமி தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்த் துரை அடுப்பு ஓரம் இறக்கினான். விராலும் கெளுத்தியும் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன.

"ஏலே, அத ஏன் அங்கன கொண்டுபோற? எல்லாத்தையும் இங்கன கொட்டு, ஒண்ணா அலசிருவோம்."

"அது ஒங்க கூறு மதினி. இது எங்க கூறு" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

கூறு என்ற சொல்லைவிட அதற்கு முன்னால் வந்த சொல்தான் பூமயிலை அறுத்தது. எங்க. அந்த வீட்டில் எல்லாம் நம்ம. நம்ம மாடு, நம்ம வயல், நம்ம வண்டி. இருபத்திநாலு வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் எங்க என்று சொன்னதே கிடையாது.

"எங்கன்னா யாருலே?"

"இருளாண்டியண்ணன் ரெண்டாத்தான் கூப்பிட்டாரு. வீரபத்திரன் வீட்டுக் கூறுன்னாரு, அப்புறம் சின்னச்சாமி வீட்டுக் கூறுன்னாரு. நம்ம கூரையில ரெண்டு பொகை வருதாம். அதத்தான் எண்ணிட்டாராம்." அவன் அண்ணன் பக்கம் கையைக் காட்டினான். "அண்ணன் இல்லன்னு சொல்லும்னு நின்னேன். சொல்லல."

"நான் நீ சொல்லுவன்னு நின்னேன்லே" என்றார் வீரபத்திரன். "தனி அடுப்ப நீதான் ஒங்க மதினிகிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டன்னு நெனச்சேன். ஆசைப்பட்டுட்டான், விட்ருவோம்னு இருந்தேன்."

"நானா கேட்டேன்? மதினிதான பிரிச்சு விட்டுச்சு! நடுவுல சொவரு வச்சாக. பாலு ரெண்டாக் காய்ச்சுனாக. இது ஒனக்கு, அது எனக்குன்னு ஊருசனம் கேக்கச் சொன்னாக."

பூமயில் திரும்பினாள். சுவரைப் பார்த்தாள், இரண்டு அடுப்பையும் பார்த்தாள், இரண்டு பெட்டி மீனையும் பார்த்தாள். தான் கையால் செய்த காரியம் ஒவ்வொன்றும் திரும்பி நின்று அவளைப் பார்த்தது. பஞ்சம்மாள் சொன்ன கல் சுவர் அல்ல, மனசு என்பதுகூட இப்போதுதான் விளங்கியது.

அப்போது உமையாள் வாயைத் திறந்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா. எளப்புக்காரிய எத்தன நாளைக்குக் கட்டி மாரடிக்கிறதுன்னுதான் ஒதுக்கி வச்சுட்டீகளோன்னு..."

அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. முடிக்கவும் முடியவில்லை.

"அடிப் பாவி மகளே" என்றாள் பூமயில். "ஒனக்கு மூச்சு வேணும்னுதானடி அத வாங்குனேன். பொகை ஒம் பக்கம் வரக்கூடாதுன்னுதானடி சொவரு வச்சேன். ஒங்கய்யா வந்து கூட்டிட்டுப் போயிருவாரோன்னு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேன். அத ஒரு வார்த்த சொல்லித் தொலைக்காம, ஊருக் கதையெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு, இந்த வாயில மண்ண அள்ளிப் போட."

பூமயில் விடுவிடுவென்று கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை. நேரே மண் அடுப்புக்கு எதிரே போய் நின்றாள். மாமியார் கட்டியது. தான் மெழுகி மெழுகி விளிம்பு மழுங்கிப் போனது. அதில் எழும்பிய புகையால்தானே இரண்டு ஆயிற்று? அது இல்லாவிட்டால் ஒன்றுதானே? கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினாள்.

உமையாள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். மெலிந்த கைதான், ஆனால் விடவில்லை.

"இத இடிச்சா நாளைக்குப் பழம் பறிக்க வர்றவுகளுக்குக் கஞ்சி எங்க காய்ச்சுவீக?"

"எனக்கு அடுப்பு வேணாம், நீங்க ரெண்டு பேரும் வேணும்" என்றாள் பூமயில்.

"இடிக்கணும்னா அத ஏன் இடிக்கணும்? இதுல இடிங்க." உமையாள் தடுப்புச் சுவரின் அடியைக் காட்டினாள். மண் அடுப்பு சுவரை ஒட்டி இந்தப் பக்கம், துரை அடுப்பு சுவரை ஒட்டி அந்தப் பக்கம். "இங்கன ஒரு ஓட்டை விட்டா, இதுல எரியிற தீ அதுக்குள்ள போகும்ல? அதுக்கு இந்தப் பக்கந்தான் சாம்பல் அள்ளுற சின்னக் கதவு இருக்கு. கொடியடுப்பு மாதிரிக்கா."

கொடியடுப்பு எந்த வீட்டில் இல்லை? பெரிய அடுப்பில் விறகு வைத்தால், பக்கத்தில் விட்ட துளை வழியாகத் தீ ஓடிச் சின்ன அடுப்பும் எரியும். வாய் ஒன்று, கண் இரண்டு. அதை இரண்டு அடுப்பு என்று எந்த ஊரிலும் யாரும் எண்ணுவதில்லை. பூமயில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

அண்ணனும் தம்பியும் சேற்றுக் காலோடு வேலையில் இறங்கினார்கள். தனுஷ்கோடிக்கு ஆள் அனுப்பவில்லை, அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. சுவரில் ஒரு முழத்துக்குத் துளை விழுந்தது. சின்னச்சாமி கண்மாய்க்கு ஓடி ஒரு கூடை களிமண் கொண்டுவந்தான். பெண்கள் இருவரும் அதை மிதித்துப் பிசைந்து, மண் அடுப்பின் வயிற்றிலிருந்து துரை அடுப்பின் சின்னக் கதவு வரைக்கும் ஒரு தொண்டை கட்டினார்கள். இரும்புக்கும் மண்ணுக்கும் இடையே இருந்த சந்துகளையெல்லாம் உமையாள் விரலால் அடைத்தாள். மண் அடுப்பின்மேல் கஞ்சிப் பானையை வைத்துச் சுற்றிலும் ஈர மண்ணால் பூசினார்கள். ஓட்டில் இருந்த புகைக்கூண்டை வீரபத்திரன் மேலே ஏறிச் சாக்கைத் திணித்து மூடினார்.

பூமயில் வைக்கோலைப் பற்றவைத்தாள். முதலில் தீ என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது. புகை அவள் முகத்துக்கே வந்தது. பிறகு அந்தப் பக்கத்துக் குழாய் உஸ்ஸென்று இழுத்தது. தீ தலையைச் சாய்த்துத் துளைக்குள் ஓடியது. தடுப்புக்கு அப்பால் உமையாள் வட்ட மூடியைத் தூக்கிப் பார்த்து, "வந்திருச்சுக்கா!" என்று கத்தினாள். கூரைமேலிருந்து வீரபத்திரன் குரல் கேட்டது.

"ஒண்ணுதான் வருது! புள்ள, ஒண்ணே ஒண்ணுதான்!"

விறகு கொஞ்சம் கூடத்தான் தின்னும் என்பது போகப்போகத் தெரிந்தது. தின்றுவிட்டுப் போகட்டும்.

சின்னச்சாமி துரை அடுப்பு ஓரம் இருந்த ஓலைப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். கொல்லைவாசலில் நின்று பூமயில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கரைமேல் ஏறினான், இருளாண்டிக்கு எதிரே போய் நின்றான். இருளாண்டி ஏதோ கேட்டார். இவன் இந்தப் பக்கம் கையை நீட்டினான். இருளாண்டி நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, வீரபத்திரன் வீட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தார். கரையில் நின்ற ஊர் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் பெட்டியை வாங்கி, அதிலிருந்த மீனை, இன்னும் கூறு போடாமல் கிடந்த பொதுக் குவியலில் கவிழ்த்தார்.

வெறும் பெட்டியோடு திரும்பி வந்தவன் வாசலிலேயே கேட்டான்:

"நம்ம மீன அலசியாச்சா மதினி?"

அலசி, மஞ்சள் தடவி, புளி கரைத்து, துரை அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கஞ்சிப் பானை முனகிக்கொண்டிருந்தது. உமையாள் வந்து குழம்புப் பானை மூடியைத் திறந்தாள், கரண்டியில் தொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

பூமயில் உப்பை அள்ளினாள். அள்ளிய கை பானைக்குப் போகவில்லை. நின்றபடியே நின்றாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லத்தா, பொகை" என்றாள் பூமயில், இருபத்திநாலு வருஷப் பழக்கத்தில்.

உமையாள் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் தரை வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது.

"பொகை எங்கக்கா இருக்கு?"

பூமயில் உப்பைப் பிடித்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டு, மறைக்காமல், சத்தம் போட்டே அழுதாள்.